கார்ன் ஸ்னேக் குட்டி கொத்துகிறது, பால் பைத்தான் குட்டி சீறுகிறது: என்ன செய்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். வீட்டில் விஷமில்லாத வெளிநாட்டு வளர்ப்புப் பாம்புகள் இரண்டு. ஒன்று மூன்று மாதக் கார்ன் ஸ்னேக் குட்டி, எடை 11 கிராம். டப்பாவைத் திறந்தாலே வாலை நடுக்கிக்கொண்டு கொத்த வருகிறது. இன்னொன்று பால் பைத்தான் (ball python, பந்து போல உருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) குட்டி, 140 கிராம். வந்தபோது சாதுவாக இருந்தது. இந்த ஏப்ரலில் சீற ஆரம்பித்திருக்கிறது, மூன்று வாரமாக இரையும் எடுக்கவில்லை. கையுறை போட்டுப் பழக்கலாமா? கொத்தினால் மூக்கில் ஒரு தட்டு தட்டச் சொல்கிறார்கள். இவற்றின் சுபாவமே இப்படித்தானா, வளர வளர மாறுமா?

பதில்:

கார்ன் ஸ்னேக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 11 கிராம் குட்டி கொத்துவது அந்த வயதுக்கு இயல்பு. கவனிக்க வேண்டியது பால் பைத்தானைத்தான். சாதுவாக இருந்த பாம்பு திடீரென்று சீறினால், இருக்கும் இடத்தில் ஏதோ சரியில்லை, அல்லது உடம்புக்கு முடியவில்லை. ஏப்ரல், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா என்றதுமே முதல் சந்தேகம் வெக்கையின் மேல்தான் போகிறது. கையுறையும் வேண்டாம், மூக்கில் தட்டுவதும் வேண்டாம்.

பாம்புக் குட்டிக்குத் தாயின் காவல் கிடையாது. பிறந்த நாளிலிருந்தே காக்கை, பருந்து, கீரி, பெரிய பாம்பு என்று எல்லாவற்றுக்கும் அது இரை. ஒரு அடி போல நீளமிருக்கும் அதற்கு, மேலிருந்து இறங்கும் உங்கள் கை பருந்தின் கால்தான். அதனால் அதைத் துரத்திவிடப் பார்க்கிறது. கார்ன் ஸ்னேக்கின் பூர்வீகம் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள். வாலை வேகமாக நடுக்கிக் காய்ந்த இலையில் சடசடவென்று சத்தம் எழுப்புவது அதன் வம்ச வழக்கம். நம்மூர்ச் சாரைப்பாம்பு குடும்பத்தைச் சேர்ந்த பல பாம்புகளும் இதைச் செய்யும்.

கொத்து இரண்டு வகை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பயத்தில் கொத்தும் குட்டி முதலில் தலையைத் தூக்கும், கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். உடம்பு தட்டையாகும், வால் நடுங்கும். நாக்கு வெளியே வந்தால் சட்டென்று உள்ளே போகாமல் மெதுவாக மேலும் கீழும் அசையும். கொத்து குறுகிய தூரம்தான். பட்டதும் விட்டுவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும். பல நேரம் வாயைத் திறக்காமலேயே மூக்கால் இடிக்கும்.

பசியில் கொத்துவது வேறு மாதிரி. சத்தம் இருக்காது. நாக்கு வேகமாக உள்ளே வெளியே போய்வரும். தலை உங்கள் விரலை மெல்லத் தொடர்ந்து வரும். கொத்தினால் விடாது, கடித்துக்கொண்டே விரலைச் சுற்றிக்கொள்ளும். கையில் எலி வாடை இருந்தாலும், டப்பா திறப்பதே இரை வருவதற்கான அடையாளம் என்று பழகிவிட்டாலும் இது நடக்கும். பால் பைத்தானுக்கு உதட்டோரத்தில் வெப்பம் உணரும் குழிகள் உண்டு, ஆகவே சூடான கை அதற்கு எலி போலத் தெரியலாம். கார்ன் ஸ்னேக்குக்கு அந்தக் குழிகள் கிடையாது. அது வாடையையும் அசைவையும் நம்பியே போகும்.

நீங்கள் சொன்ன வால் நடுக்கம் முதல் வகை. முதலில் அதன் இடத்தைச் சரிசெய்ய வேண்டும், கை வைப்பதெல்லாம் அடுத்தது.

பெரிய கண்ணாடித் தொட்டியில் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் ஒரு செயற்கைச் செடியும் மட்டும் இருந்தால் 11 கிராம் குட்டி நாள் முழுக்க நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். குறை தொட்டியின் அளவில் இல்லை, உள்ளே வெட்டவெளியாக இருப்பதில் இருக்கிறது. 12 முதல் 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா இந்த வயதுக்குப் போதும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு மறைவிடம் வையுங்கள். சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் படும் அளவுக்கு அவை இறுக்கமாக இருக்க வேண்டும். பழைய தயிர்க் கப்பைக் கவிழ்த்து வாசல் வெட்டினால் போதும், விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மீதி இடத்தைக் காய்ந்த பலா இலை, தேக்குச் சருகு, மரப்பட்டைத் துண்டுகளால் நிரப்புங்கள். இலையை வெந்நீரில் முக்கி வெயிலில் காயவைத்த பிறகு போடுவது நல்லது.

அடியில் போட உங்கள் பக்கம் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து வரும் கட்டியை அப்படியே உடைத்துப் போடாதீர்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம், காய்ந்தால் தூசி பறக்கும். ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, நிழலில் ஆறவிடுங்கள். கைப்பிடி எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் குட்டி தானே உள்ளே புதைந்துகொள்ளும். புதைந்து கிடக்கும் குட்டிக்குக் கொத்த வேண்டிய அவசியம் குறைவு.

டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பாம்புக்குத் தரையதிர்வு நன்றாகத் தெரியும். கிரைண்டர், வாஷிங் மெஷின், ஸ்பீக்கர் இருக்கும் மேசை, ஃபிரிட்ஜின் தலை ஆகியவை ஆகாது. அறையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், அந்த வகை ரசாயனம் பாம்புக்கு விஷம். கொசு, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படியே. சாம்பிராணிப் புகை போடும் நாளில் டப்பாவை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

இரை விஷயம். 11 கிராம் குட்டிக்கு 5 அல்லது 6 நாளுக்கு ஒரு பிங்கி, அதாவது முடி முளைக்காத சுண்டெலிக்குஞ்சு, 2 கிராம் அளவில் போதும். உறைந்ததாக இருந்தால் ஜிப் கவரில் போட்டு, முதலில் குளிர்ந்த தண்ணீரில் உருகவிட்டு, பிறகு 40 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வையுங்கள். ஒரு அடி நீள இடுக்கியால் நீட்டுங்கள், விரலால் வேண்டாம். இரை கொடுக்க வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு பழைய அறிவுரை சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். இரையின் வாடையில் இருக்கும் பாம்பைக் கையில் தூக்கி இடம் மாற்றும்போதுதான் நிறையப் பேர் கடி வாங்குகிறார்கள். வீட்டில் பொறியில் பிடித்த எலி, வயல் எலி எதையும் கொடுக்காதீர்கள். அதன் வயிற்றில் எலி மருந்தும் புழுவும் இருக்கலாம்.

இனி கைப்பழக்கம். புதிதாக வந்த குட்டி தொடர்ந்து மூன்று முறை இரை எடுக்கும் வரை தொடவே கூடாது. இரை எடுத்த பிறகு 48 மணி நேரம் தொடக் கூடாது, தொட்டால் கக்கிவிடும். கக்கிய குட்டிக்கு 10 நாள் ஓய்வு கொடுத்து, பிறகு பாதி அளவு இரை. கண் பால் போல வெளுத்திருக்கும் நாட்களிலும் தொடாதீர்கள். சட்டை உரிப்பதற்கு முந்தைய அந்தச் சில நாள் பார்வை மங்கி, எது அசைந்தாலும் கொத்தும்.

இந்த நாட்களைத் தவிர்த்து, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 3 நிமிடம். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்து அரை நிமிடம் சும்மா இருங்கள். குட்டி மறைவிடத்துக்குள் இருந்தால் மறைவிடத்தைத் தூக்குங்கள், அதற்குள் விரலை விடாதீர்கள். சுருட்டிய காகிதத்தாலோ சிறிய கொக்கியாலோ நடு உடம்பில் லேசாக ஒருமுறை தொடுங்கள். இரை அப்படித் தொடாது, ஆகவே வந்தது இரையில்லை என்று அதற்குத் தெரியும். பிறகு பக்கவாட்டிலிருந்து, தரையோடு தரையாகக் கையைக் கொண்டுபோய், நடு உடம்புக்கு அடியில் விரல்களைச் செலுத்தி ஒரே சீரான அசைவில் தூக்குங்கள். தலைக்குப் பின்னால் பிடிக்காதீர்கள். பிடிக்கவே வேண்டாம், கையை மரக்கிளை மாதிரி வைத்துக்கொண்டால் அது ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தானே ஏறிப் போகும். தரையில் உட்கார்ந்து செய்யுங்கள், விழுந்தாலும் அடிபடாது.

எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கை பாதி தூரம் போகும், குட்டி தலையைத் தூக்கும், கை பின்னால் வரும், மறுபடி போகும். மூன்றாம் தடவை கொத்து விழும், கை வெளியே வந்து மூடி சாத்தப்படும். கொத்தினால் கை போய்விடும் என்று குட்டி அன்றைக்குக் கற்றுக்கொள்கிறது. இப்படி ஒரு மாதம் போனால் வாலை நடுக்கிக்கூட எச்சரிக்காமல் நேரே கொத்தும். எனவே கையை விட்டால் எடுக்க வேண்டும். எடுக்கத் துணிவில்லாத நாளில் கையை விடக் கூடாது. கொத்துக்குக் கூசுகிறது என்றால் மெல்லிய பருத்தித் துணியைக் குட்டியின் மேல் போர்த்தித் துணியோடு எடுங்கள். தலை மறைந்ததும் முக்கால்வாசிக் குட்டிகள் அடங்கிவிடும். தடித்த கையுறையில் குட்டியின் உடம்பு உங்களுக்குத் தெரியாது, இறுக்கிவிடுவீர்கள், விலா எலும்பு முறியலாம். மூக்கில் தட்டினால், கை அடிக்கும் என்று அது பயந்தது சரிதான் என்று நீங்களே நிரூபித்துக் கொடுக்கிறீர்கள். பாம்பிடம் தண்டனை வேலை செய்யாது.

திரும்ப விடும்போது அது அமைதியாக நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து விடுங்கள். கொத்தியதும் விடாதீர்கள், ஒரு நிமிடமாவது வைத்திருந்து பிறகு விடுங்கள்.

சுபாவம் மாறுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: பெரும்பாலும் மாறும், எல்லாம் மாறாது. 1980களில் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஹெர்சாக், கோர்டன் பர்க்ஹார்ட் இருவரும் கார்ட்டர் ஸ்னேக் என்ற அமெரிக்கப் பாம்பின் குட்டிகள் விரலுக்கு எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று வரிசையாகச் சோதித்தார்கள். ஒரே தாயின் குட்டிகளிலேயே சில ஓயாமல் கொத்தின, சில கொத்தவே இல்லை; குட்டிக்குக் குட்டி இருந்த அந்த வேறுபாடு முதல் ஒரு வருடத்தில் பெரிதும் அழியவில்லை. ஆகவே பிறவிக் குணம் என்று ஒன்று உண்டு. பழக்கத்தால் அதன் கூர்மையை மழுக்கலாம், வேரோடு எடுக்க முடியாது. கார்ன் ஸ்னேக்கில் பெரும்பாலானவை கொஞ்சம் வளர்ந்ததும் வால் நடுக்கத்தை விட்டுவிடுகின்றன. கலிபோர்னியா கிங் ஸ்னேக் பயத்தைவிடப் பசியில்தான் கடிக்கும், பெரிதான பிறகும் விரலைச் சப்பிப் பார்க்கும். ஹாக்நோஸ் பாம்பு கழுத்தை விரித்து மூச்சிரைத்து அமர்க்களம் பண்ணும், கடிப்பது அபூர்வம். கார்பெட் பைத்தான் குட்டிகள் முதல் ஒரு வருடம் நன்றாகவே கொத்தும். கடி பிடிக்காதவர்கள் அதை வாங்காமல் இருப்பது நல்லது.

இப்போது பால் பைத்தான். அது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. கரையான் புற்றிலும் எலி வளையிலும் ஒளிந்து வாழ்வது. பயந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டுகொள்ளும். அப்படிப்பட்டது சீறுகிறதென்றால் உடனே வெப்பநிலையைப் பாருங்கள். சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 இருக்க வேண்டும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஓட்டு வீடோ கான்கிரீட் மாடியறையோ, மதியம் டப்பாவுக்குள் குளிர்ந்த பக்கமே 34க்கு மேல் போயிருக்கும். ஒதுங்க இடமில்லாத பாம்பு அலையும், மூக்கைச் சுவரில் தேய்க்கும், தொட்டால் சீறும், இரையை விடும். உள்ளே 35ஐத் தாண்டி நின்றால் உயிருக்கே ஆபத்து.

டயல் வைத்த ஒட்டு வெப்பமானியை நம்ப வேண்டாம். கம்பி முனை உள்ள டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி, ஒவ்வொரு மறைவிடத்தின் தரையிலும் ஒரு முனையை வையுங்கள். மதியம் 2 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டப்பாவைச் சூடேற்றும் ஹீட் மேட் இன்னும் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்; மழை பிடிக்கும் வரை உங்களுக்கு அது தேவைப்படாது. சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை எந்த மாதத்திலும் போடாதீர்கள், வயிறு வெந்துபோகும். டப்பாவைக் கீழ்த்தள அறையில் தரைமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மெருகு போடாத மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் வைத்து, தினமும் வெளிப்புறத்தை நனைத்துவிட்டால் உள்ளே சில டிகிரி குறையும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றி டப்பாவுக்கு வெளியே ஒரு பக்கம் ஒட்டி வைக்கலாம், உள்ளே வேண்டாம். ஏசி போடுவதாக இருந்தால் 26க்குக் கீழே இறக்காதீர்கள். குளிர்ந்துபோன பாம்பால் வேகமாக ஓட முடியாது, அதனால் நின்று கொத்தும்.

ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம், சட்டை உரிக்கும் வாரத்தில் 70. டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்றில் அறை வறண்டுவிடும். அப்போது சட்டை துண்டு துண்டாக உரியும், கண்மேல் படலம் ஒட்டி நின்றுவிடும். ஒரு கண் மங்கின பாம்பு அந்தப் பக்கத்திலிருந்து வரும் கைக்கு மட்டும் சீறும். உங்கள் குட்டியின் கண்களை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். படலம் இருந்தால் நகத்தால் பிய்க்காதீர்கள், ஈரப்பாசி போட்ட மறைவிடத்தில் இரண்டு நாள் விடுங்கள்.

மூன்று வாரம் இரை எடுக்காதது பால் பைத்தானுக்குப் பெரிய விஷயமில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை எடுங்கள். 140 கிராம் 126க்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வெப்பம் சரியான பிறகு 14 கிராம் அளவில் எலிக்குஞ்சு ஒன்றை, இருட்டியபின் ஒருமுறை மட்டும் நீட்டுங்கள். எடுக்காவிட்டால் ஏழு நாள் எதுவும் செய்யாதீர்கள். தினமும் நீட்டினால் இரையைக் கண்டே பயப்படும்.

தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் மாதிரி கருப்புப் புள்ளிகள் மிதந்தால், பாம்பு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால், அது பாம்புப் பேன். மூக்கில் நுரை, மூச்சில் விசில் சத்தம், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எல்லாம் நுரையீரல் தொற்று. இவை இரண்டுக்கும் கைவைத்தியம் கிடையாது. மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான், போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். ஸ்பைடர் என்ற நிறவகைப் பால் பைத்தானாக இருந்தால் தலை ஆடுவதும் குறி தவறிக் கொத்துவதும் பிறவிக் கோளாறு, அதை மாற்ற முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2024ல் வந்த விதிகளின்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வாளையார் வழியாகக் கோயம்புத்தூருக்கும் இங்கேயுமாகக் கொண்டுபோகிறவர்கள் வாங்கிய பில்லைக் கையில் வைத்திருங்கள். நம் நாட்டுப் பாம்பு எதையும் வளர்க்க அனுமதியில்லை. மண்ணுளிப் பாம்புக் குட்டி இருக்கிறது, ரொம்பச் சாது என்று யாராவது விற்க வந்தால் அது கடத்தல் சரக்கு.

பாம்பு வளர்க்கும் வீட்டுக்கு மட்டும் உள்ள ஆபத்து ஒன்று உண்டு. குட்டி தப்பித்துவிட்டது என்று தேடுகிறீர்கள், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னப் பாம்பு தெரிகிறது, பழகின கை தானாக நீளும். மழை தொடங்கும் மாதங்களில் கண்ணாடி விரியன் குட்டிகள் வெளியே திரியும். புள்ளிப் பட்டை உடம்பைப் பார்த்து அதை மலைப்பாம்புக் குட்டி, பைத்தான் குட்டி என்று எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. கட்டுவிரியன் குட்டியை விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று நினைப்பதும் அப்படித்தான். விரியன் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. வீட்டுப் பிள்ளைகளிடம், டப்பாவுக்கு வெளியே இருக்கும் எந்தப் பாம்பையும் தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். உங்கள் குட்டிதானா என்று சந்தேகமிருந்தால் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு, கேரள வனத்துறையின் சர்ப்பா செயலி வழியாக ஆளைக் கூப்பிடுங்கள். காட்டுப் பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கை காலை அசைக்காமல் நேரே விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். தப்பிப்பதைத் தடுப்பது இதைவிடச் சுலபம்: டப்பாவில் பென்சில் நுழையும் இடைவெளி எங்கே இருந்தாலும் 11 கிராம் குட்டி அதில் வெளியேறிவிடும், மூடிக்கு நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்பு பக்கத்து வீட்டு முற்றத்தில் தெரிந்தால் முதலில் வருவது கம்புதான், விளக்கம் கேட்க யாரும் நிற்க மாட்டார்கள்.

உங்கள் கார்ன் குட்டி கடித்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி ஆன்டிசெப்டிக் போட்டால் போதும், டிடி ஊசி நாள்பட்டிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கடித்துக்கொண்டு விடாமல் தொங்கினால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல் உடையும். குளிர்ந்த தண்ணீரைப் பாம்பின் தலைமேல் ஓடவிட்டால் விட்டுவிடும். பாம்பைத் தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கை கழுவுங்கள், அதன் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.